ஓர் ஓவியர் தம்பிக்கு எழுதிய கடிதங்கள்

ஊரை விட்டு வந்து அயல் மாநிலத்தில் வாழும் நம்மவர்க்குக் கடிதத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், இரண்டு மூன்று தலைமுறைக் காலம், தபால்காரர் கொண்டுவந்து தந்த அஞ்சலட்டையையும் நீலநிற இன்லண்டுக் கடிதத்தையும் கொண்டே ஊரோடு உறவைக் காத்து வந்தன. தங்கைக்கு வரன் அமைந்ததும், வயலில் மழை பெய்ததும், பாட்டிக்குக் கண் மங்கியதும் அந்தத் தாள்களின் வழியாகவே நம்மை வந்தடைந்தன. தபால் கைக்கு வந்ததும் நாம் முதலில் பார்த்தது செய்தியை அன்று; கையெழுத்தைத்தான். முகவரியின் முதல் எழுத்தைக் கண்ட அளவிலேயே, "இது அப்பா எழுதியது", "இது அத்தை எழுதியது" என்று வீட்டார் சொல்லிவிடுவர். எழுத்து நடுங்கியிருந்தால், உள்ளே இருப்பதைப் படிக்கு முன்னரே நம் மனமும் நடுங்கும்.

ஆகவே, கையால் எழுதிய கடிதம் இரண்டு செய்திகளைச் சுமந்து வருகிறது எனலாம். ஒன்று, சொற்கள் கூறும் செய்தி. மற்றொன்று, எழுத்தின் சாய்வும், அடித்தலும் திருத்தலும், மையின் நிறமும், தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதிய இரண்டு வரிகளும் கூறும் செய்தி. முன்னதை அச்சிட்டு நூலாக்கலாம். பின்னதை அந்தத் தாளில்தான் காண வேண்டும். இவ்வுண்மையை விளக்க வல்ல மிகச் சிறந்த சான்றுகளுள் ஒன்றை இம்மாதம் நம் வாசகர்க்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம். அது நெதர்லாந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான் கோ, பெரும்பாலும் தம் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களின் தொகுதியாகும்.

ஊர் ஊராய் அலைந்த வாழ்வு

வின்சென்ட் 1853-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் நெதர்லாந்தின் தென்பகுதியில் ஜுண்டெர்ட் என்னும் சிற்றூரில் ஒரு கிறித்தவப் போதகரின் மகனாகப் பிறந்தார். தம்பி தியோ அவருக்கு நான்கு ஆண்டு இளையவர். வின்சென்ட் தம் பதினாறாம் வயதில், 1869-இல், ஹேக் நகரில் இருந்த ஓவிய வணிக நிலையம் ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் அந்நிலையத்தின் இலண்டன் கிளைக்கும் பாரிஸ் தலைமை நிலையத்துக்கும் அனுப்பப்பட்டார். 1876-இல் அந்த வேலை போயிற்று. அதன்பின் இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராகவும், தம் நாட்டில் புத்தகக் கடைப் பணியாளராகவும், பெல்ஜிய நாட்டு நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் மதப் போதகராகவும் இருந்து பார்த்தார். ஒன்றும் நிலைக்கவில்லை. 1880-இல், தம் 27-ஆம் வயதில், இனி ஓவியமே தம் தொழில் என்று துணிந்தார். 1890 ஜூலை 29-ஆம் நாள் 37-ஆம் வயதில் மறைந்தார். உலகம் இன்று போற்றும் ஓவியங்கள் யாவும் அந்தப் பத்து ஆண்டுகளின் உழைப்பே.

இவ்வாறு ஊர் விட்டு ஊரும், நாடு விட்டு நாடும் சென்று வாழ்ந்தவருக்குக் குடும்பத்தோடு இருந்த பிணைப்பு கடிதம் ஒன்றே. தியோவுக்கு அவர் எழுதி இன்று கிடைத்துள்ள கடிதங்களுள் மிகப் பழையது 1872 செப்டம்பர் 29-ஆம் நாள் எழுதப்பட்டது. அன்று தொடங்கிய தொடர்பு இறக்கும் வரை பதினெட்டு ஆண்டுகள் நீடித்தது. வின்சென்ட் எழுதியவற்றுள் இன்று நமக்குக் கிடைப்பவை 819 கடிதங்கள். அவற்றுள் 650-க்கு மேற்பட்டவை தியோவுக்கு எழுதியவை. மற்றவை பெற்றோர்க்கும், தங்கை வில்லெமினுக்கும், எமில் பெர்னார், கொகேன் முதலிய ஓவிய நண்பர்களுக்கும் எழுதியவை.

இந்த நீண்ட தொடர்பு ஒருமுறை அறுந்ததும் உண்டு. 1879-இல் அண்ணன் தம்பியரிடையே மனவேறுபாடு தோன்றி, ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் வின்சென்ட் எழுதாதிருந்தார். சுரங்கப் பகுதியில் வறுமையில் வாடிய அண்ணனுக்குத் தியோ 50 பிராங்கு பணம் அனுப்பினார். அதனைப் பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்ளும் முகத்தான் 1880 கோடையில் வின்சென்ட் மீண்டும் பேனா எடுத்தார். அந்தக் கடிதம் மிக நீண்டது. தாம் ஒன்றுக்கும் உதவாதவர் என்று குடும்பத்தார் எண்ணியதை மறுத்து, தம்முள் ஏதோ ஒன்று இருக்கிறது, அது இன்னதென்று தமக்கே தெரியவில்லை என்று மனம் திறந்து எழுதினார். அடுத்த சில வாரங்களில் அவருடைய கடிதங்கள் ஓவியப் பயிற்சியைப் பற்றியே பேசத் தொடங்கிவிட்டன. ஓர் ஓவியரின் பிறப்பை ஒரு தம்பியின் கையில் சேர்ந்த கடிதங்கள் வழியாகவே நாம் காண்கிறோம்.

எழுத்தும் படமும் கலந்த பக்கம்

வான் கோவின் கடிதங்களைக் கண்ணால் காண்பவரை முதலில் கவர்வன அவற்றில் உள்ள சிறு சித்திரங்கள். 240-க்கு மேற்பட்ட சித்திரங்கள் அவருடைய கடிதங்களிலும், கடிதங்களோடு வைத்து அனுப்பிய தாள்களிலும் காணப்படுகின்றன. சில இடங்களில் எழுதிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திப் படம் வரைந்து, படத்தைச் சுற்றி எஞ்சிய இடத்தில் மீண்டும் எழுத்தைத் தொடர்கிறார். எழுதிய அதே பேனா, அதே மை. சொல் எங்கே முடிந்து கோடு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காண்பதே அரிது. ஓவியராக வேண்டும் என்று துணிவதற்கு முன்பே, 1878 நவம்பரில், நிலக்கரித் தொழிலாளர் வந்து செல்லும் சிறு விடுதியொன்றைப் படமாக வரைந்து தம்பிக்கு அனுப்பியிருந்தார்.

இச்சித்திரங்கள் வெறும் அழகுக்காக வரைந்தவை அல்ல. தியோ பாரிஸ் நகரில் ஓவிய வணிகம் செய்து வந்தார். அண்ணனுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பியவர் அவரே. வின்சென்ட் என்ன வரைந்துகொண்டிருக்கிறார், பணம் எவ்வாறு பயன்படுகிறது என்பதைத் தொலைவில் இருந்த தம்பி அறிய வேண்டும் அல்லவா? ஆதலால் ஒவ்வொரு சித்திரமும் ஒருவகைக் கணக்கு ஒப்படைத்தலும் ஆகும். 1882 ஆகஸ்டில், தொலைவையும் அருகையும் சரியாக அளந்து வரைவதற்குத் தாம் செய்வித்த ஒரு கருவியைப் படம் வரைந்து விளக்குகிறார். மணற்பாங்கான நிலத்திலும் நிற்கும்படி இரண்டு நீண்ட கால்கள், அவற்றில் பொருத்திய சட்டம், அதன் ஊடே பார்ப்பது போன்ற அமைப்பு யாவும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. 'நீ அனுப்பிய பணம் இதோ இப்பொருளாக நிற்கிறது' என்று கூறுவது போல் உள்ளது அந்தப் படம்.

1885 ஏப்ரலில், விளக்கொளியில் அமர்ந்து உருளைக்கிழங்கு உண்ணும் உழவர் குடும்பத்தைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் காட்சியின் சிறு வரைவைக் கடிதத்தில் அனுப்பினார். அப்படத்தைப் பற்றிப் பின்னர் எழுதுகையில், தட்டில் நீளும் அந்தக் கைகளே நிலத்தையும் கொத்தியவை, அவர்கள் தம் உணவை நேர்மையாக உழைத்துப் பெற்றவர்கள் என்பதைக் காட்டவே தாம் முயன்றதாக விளக்கினார். 1888 மார்ச்சில், தென் பிரான்சில் ஆர்ல் நகருக்கு வந்து சேர்ந்த புதிதில், எமில் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு தூக்குப் பாலத்தை வரைந்து, எந்த இடத்தில் என்ன நிறம் வரும் என்பதைப் படத்தின் மேலேயே சொற்களால் குறித்தார். வண்ணம் தீட்ட வசதி இல்லாத தாளில் சொல்லே வண்ணமாயிற்று.

ஓவியம் இழந்த நிறத்தைக் கடிதம் காத்தது

இங்கே நாம் ஓர் அரிய செய்தியைக் கூற வேண்டும். 1888 அக்டோபர் 16-ஆம் நாள் வின்சென்ட் தம் படுக்கை அறையை ஓவியமாகத் தீட்டத் திட்டமிட்டு, அதன் வரைவைத் தியோவுக்குக் கடிதத்தில் அனுப்பினார். மறுநாள் கொகேனுக்கும் அவ்வாறே எழுதினார். ஆர்ல் நகரில் மஞ்சள் நிறச் சுவர் கொண்ட ஒரு சிறு வீட்டை அவர் வாடகைக்கு எடுத்திருந்தார். பல ஆண்டுகள் விடுதிகளிலும் பிறர் இல்லங்களிலும் தங்கி அலைந்தவருக்கு அந்த அறை எவ்வளவு இன்பம் தந்திருக்கும் என்பதை, வாடகை வீடு தேடி நகரமெங்கும் நடந்த நம்மவர் எளிதில் உணர்வர்.

அந்தக் கடிதத்தில் ஒரு கட்டில், இரண்டு நாற்காலிகள், ஒரு சிறு மேசை, ஒரு சாளரம் ஆகியவை மையால் வரையப்பட்டிருக்கின்றன. நிறங்களைச் சொற்களால் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். சுவர்கள் வெளிறிய ஊதா, தரை சிவப்பு ஓடு, கட்டிலும் நாற்காலியும் புது வெண்ணெயின் மஞ்சள், விரிப்பும் தலையணையும் எலுமிச்சைச் சாயலில் வெளிர் பச்சை, போர்வை சிவப்பு, சாளரம் பச்சை, மேசை ஆரஞ்சு, முகம் கழுவும் பாத்திரம் நீலம், கதவுகள் இளம் ஊதா. காண்பவர்க்கு ஓய்வையும் உறக்கத்தையும் இவ்வோவியம் நினைவூட்ட வேண்டும் என்பதே தம் நோக்கம் என்றும் கூறுகிறார்.

இன்று ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள அந்த ஓவியத்தின் முன் நிற்பவர் சுவர்களை ஊதாவாகக் காண்பதில்லை, நீலமாகவே காண்கின்றனர். ஊதா நிறம் பெறுவதற்காக நீலத்தோடு கலந்த சிவப்புச் சாயம், ஆண்டுகள் செல்லச் செல்ல ஒளி பட்டு மங்கிவிட்டது. சிவப்புப் போக, நீலம் நின்றது. வல்லுநர் வண்ணத் துகள்களை ஆராய்ந்து, சுவர் தொடக்கத்தில் ஊதாவாகவே இருந்தது என்று உறுதி செய்தனர். ஓவியர் எண்ணிய நிறம் எது என்பதை முன்னமே சொல்லி வைத்திருந்தது ஒரு மடித்த தாள். பெரும் பொருள் பெறும் ஓவியம் இழந்துவிட்ட நிறத்தை, தபாலில் சென்ற கடிதம் காத்து வைத்திருக்கிறது என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது அன்றோ!

கையெழுத்தில் தெரியும் மனிதர்

படம் இல்லாத பக்கங்களிலும் வின்சென்ட் தம்மை மறைத்துக்கொள்வதில்லை. தாளின் இருபுறமும் நெருக்கி எழுதுவார். வலியுறுத்த வேண்டிய சொற்களின் கீழே கோடிடுவார். கடிதத்தை முடித்துக் கையொப்பமிட்ட பின்னும், சொல்ல மறந்த செய்தியொன்று நினைவுக்கு வர, எஞ்சிய இடத்தில் அதனையும் சேர்ப்பார். நேரில் விடைபெற்ற பின்னும் வாயிற்படியில் நின்று பேசுவோரின் இயல்பை அங்கே காண்கிறோம்.

அவருடைய கையொப்பத்திலும் ஒரு கதை உண்டு. கடிதங்களிலும் ஓவியங்களிலும் பெரும்பாலும் 'வின்சென்ட்' என்றே எழுதினார். பிரான்சு நாட்டவர்க்கு 'வான் கோ' என்னும் பெயரை ஒலிக்கத் தெரியாது. ஆதலால் ஓவியக் கண்காட்சிப் பட்டியலில் தம்மை 'வின்சென்ட்' என்றே குறிப்பிட வேண்டும் என்று 1888-இல் தியோவுக்கு எழுதினார். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே நிறுத்தும் நம் வழக்கத்தை வடபுலத்து அலுவலகங்களுக்கு விளக்கி விளக்கிச் சலித்த தமிழர் பலர், இவ்விடத்தைப் படிக்கும்போது புன்முறுவல் பூப்பர் என்பதில் ஐயமில்லை.

மொழியின் செய்தியும் இதைப் போன்றதே. அண்ணனும் தம்பியும் டச்சு மொழியில் வளர்ந்தவர்கள். ஆயினும் பிரான்சில் வாழத் தொடங்கிய பின் வின்சென்ட் தம்பிக்குப் பிரெஞ்சு மொழியிலேயே எழுதலானார். ஆங்கிலத்திலும் நண்பர் சிலருக்கு எழுதியதுண்டு. ஆனால் தாய்க்கு எழுதும்போது, இறுதி ஆண்டுகளிலும், டச்சு மொழியையே கைக்கொண்டார். தொழிலுக்கு ஒரு மொழி, தாய்க்கு ஒரு மொழி என்பது புலம் பெயர்ந்தோர் எல்லார்க்கும் பொதுவான நிலை போலும்.

தியோவுக்கு எழுதிய கடிதங்கள் பல, அவர் அனுப்பிய கடிதத்துக்கும் அதனுள் இருந்த 50 பிராங்கு நோட்டுக்கும் நன்றி கூறித் தொடங்குகின்றன. மூத்தவர் இளையவரிடம் கைந்நீட்டும் நிலை எளிதானதன்று. சில கடிதங்களில் நன்றி மிகுந்திருக்கிறது, சிலவற்றில் கூச்சம், சிலவற்றில் கோபமும் உண்டு. 1884-இல், இனித் தாம் வரைவன யாவும் பணத்துக்கு ஈடாகத் தியோவுக்கே உரியவை என்று ஓர் ஏற்பாட்டை வின்சென்ட் முன்மொழிந்தார். பிச்சையாகப் பெறாமல் ஊதியமாகப் பெற விரும்பிய தன்மானம் அதில் தெரிகிறது. மணியார்டர் படிவத்தின் அடியில் இருந்த சிறு கட்டத்துக்குள் இரண்டு வரி எழுதி ஊருக்கு அனுப்பியவர்க்கும், அதனைப் பெற்றவர்க்கும் இந்த மனநிலைகள் புதியன அல்ல.

1888 டிசம்பர் 23-ஆம் நாள் இரவு, மனம் கலங்கிய நிலையில், வின்சென்ட் தம் காதை அறுத்துக்கொண்டது உலகறிந்த செய்தி. அதன்பின் நடந்ததைக் கடிதங்களே காட்டுகின்றன. ஆர்ல் புகைவண்டி நிலையத்தில் தபால் மூட்டைகளைக் கையாண்டு வந்த ரூலேன் என்னும் பணியாளர் வின்சென்ட்டின் நண்பர். நீலச் சீருடையில் அவரை வின்சென்ட் பலமுறை ஓவியமாகத் தீட்டியுள்ளார். மருத்துவமனையில் நண்பர் எவ்வாறு இருக்கிறார் என்று பாரிசில் இருந்த தம்பிக்கு எழுதித் தெரிவித்தவர் அவர். 1889 ஜனவரி 2-ஆம் நாள், மருத்துவர் ரேயின் அறையில் அமர்ந்து, தியோவின் கவலை தீர வின்சென்ட் தாமே எழுதினார். அதே தாளில் மருத்துவரும் சில வரிகள் சேர்த்தார். ஒரே தாளில் இரண்டு கையெழுத்துகள்! நோயாளி, தாம் நலமாக இருப்பதாகக் கூறுகிறார். மருத்துவர் அதற்குச் சான்று அளிக்கிறார். அச்சில் இவை இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். தாளில் காணும்போதுதான், இரண்டு மனிதர் அருகருகே இருந்து தொலைவில் உள்ள ஒருவரைத் தேற்றும் காட்சி நம் கண்முன் நிற்கிறது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. 1886 மார்ச்சு முதல் 1888 பிப்ரவரி வரை அண்ணனும் தம்பியும் பாரிசில் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். வின்சென்ட்டின் ஓவியம் இருள் நீங்கி ஒளி பெற்ற காலம் அதுவே. ஆயினும் அவர் வாழ்வில் நாம் மிகக் குறைவாக அறிந்த காலமும் அதுவே. உடன் இருப்பவருக்கு யார் கடிதம் எழுதுவர்? பிரிவு இருவரையும் வருத்தியது உண்மை. ஆனால் அவர்களை நாம் அறியும்படி செய்ததும் அந்தப் பிரிவே.

காத்தவர் யார்?

எழுதுவது ஒருவர் செயல். காப்பது மற்றொருவர் செயல். தியோ அண்ணனின் கடிதங்களைப் பத்திரப்படுத்தினார். வின்சென்ட்டோ, தம்பி எழுதியவற்றுள் பலவற்றைக் காத்து வைக்கவில்லை. ஆகவே தியோவின் பக்கம் பேசும் கடிதங்கள் ஏறத்தாழ நாற்பதே இன்று உள்ளன. பதினெட்டு ஆண்டு உரையாடலில் ஒருவர் குரலே பெரும்பாலும் நமக்குக் கேட்கிறது.

வின்சென்ட் மறைந்த ஆறு மாதத்தில், 1891 ஜனவரி 25-ஆம் நாள், தியோவும் மறைந்தார். அவர் மனைவி யோகன்னாவுக்கு அப்போது 28 வயது. திருமணமாகி இரண்டு ஆண்டு கூட நிறையவில்லை. கையில் ஓராண்டுக் குழந்தை. பெரியப்பாவின் பெயரையே தாங்கிய மகன். வீட்டில் விலை போகாத நூற்றுக்கணக்கான ஓவியங்கள். தியோவின் மேசையின் கீழறை நிறையக் கடிதங்கள். யோகன்னா நெதர்லாந்துக்குத் திரும்பி, புசும் என்னும் ஊரில் தங்கும் விடுதி நடத்திப் பிழைத்தார். தனிமை மிகுந்த இரவுகளில் அந்தக் கடிதங்களை எடுத்துப் படித்தார். அவற்றில் அவர் முதலில் தேடியது வின்சென்ட்டை அன்று, தம் கணவரை.

பல கடிதங்களில் நாள் குறிக்கப்படவில்லை. உள்ளே கூறிய செய்திகளைக் கொண்டு எது முன், எது பின் என்று பொறுமையோடு வரிசைப்படுத்தினார். ஆயினும் உடனே அச்சிட முற்படவில்லை. ஓவியங்களின் பெருமையை உலகம் உணருமுன் ஓவியரின் துயரக் கதையைப் பரப்புவது மறைந்தவர்க்கு நீதியாகாது என்று கருதிக் காத்திருந்தார். 1914-இல் மூன்று தொகுதிகளாக அக்கடிதங்களை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே தியோவின் உடலைப் பிரான்சில் ஓவேர் என்னும் ஊரில் வின்சென்ட்டின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்வித்தார். 1925-இல் தாம் இறக்கும் வரை கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை வளர்ந்து பொறியாளராகி, குடும்பச் செல்வமாக இருந்த ஓவியங்களும் கடிதங்களும் சிதறாமல் இருக்க வழி செய்தார். 1973-இல் ஆம்ஸ்டர்டாமில் வான் கோ அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பதினைந்து ஆண்டு ஆராய்ச்சிக்குப் பின், 2009-இல் எல்லாக் கடிதங்களும் ஆறு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. மூலத்தாள்களின் படங்களோடு இணையத்திலும் அவற்றைக் கட்டணமின்றிக் காணலாம்.

மூலக் கடிதங்களை அருங்காட்சியகத்தார் அரிதாகவே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கின்றனர். மையும் தாளும் ஒளியைத் தாங்க மாட்டாதவை என்பதே காரணம். கருமையாக இருந்த மை பழுப்பாக மாறியுள்ளது. அவற்றுள் அனுப்பப்படாத கடிதம் ஒன்றும் உண்டு. தியோவுக்கு எழுதத் தொடங்கி அனுப்பாது விட்ட அந்தத் தாள், வின்சென்ட்டின் இறுதிக் காலத்தில் அவரிடமே இருந்தது. அவரிடம் இருந்த கடிதம் இது என்று தியோ தம் கையால் அதன்மேல் குறித்து வைத்தார். அண்ணன் எழுத்தின்மேல் தம்பியின் எழுத்து. அந்தத் தாளைப் பற்றி இதற்குமேல் எழுத நம் பேனாவுக்கு வலிமையில்லை.

நம் வீட்டுப் பெட்டியில் உள்ளவை

தமிழிலும் கடித இலக்கியம் உண்டு. டாக்டர் மு. வரதராசனார் 'அன்னைக்கு', 'தம்பிக்கு' முதலிய கடித நூல்களை எழுதினார். அவை பலரும் படிக்க வேண்டும் என்று அச்சுக்காகவே எழுதப்பட்டவை. வின்சென்ட் எழுதியவை ஒருவர் மட்டும் படிக்க எழுதப்பட்டவை. நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் கடிதங்களும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவையே. எழுதியவர் ஓவியர் அல்லர் என்பதால் அவற்றில் காண ஒன்றுமில்லை என்று எண்ணிவிடலாகாது. தலைப்பில் இட்ட பிள்ளையார் சுழி, மங்கலச் செய்திக்கு நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள், இன்லண்டுத் தாளின் மடிப்பு ஓரத்தில் இடம் போதாமல் திருப்பித் திருப்பி எழுதிய வரிகள், எழுதத் தெரியாத பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி எழுதிய குண்டு எழுத்துகள் ஆகிய யாவும் கண்ணால் காண வேண்டிய செய்திகளே. எழுத்தின் வடிவமே வரலாறு சொல்லும். 1978-இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துமுன் எழுதியவர்கள் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றைப் பழைய வடிவில் எழுதினர். பழகிய கை பலருக்கு அதன்பின்னும் மாறவில்லை.

இன்று செல்பேசியில் நாள்தோறும் ஊரார் முகத்தைக் காண்கிறோம். அது நற்பேறே, அதனைக் குறை கூற நாம் முற்படவில்லை. ஆனால் முன்னரே எழுதப்பட்ட கடிதங்களுக்கு இரண்டு இடர்கள் நேர்ந்துள்ளன. வீடு மாறும்போதெல்லாம் பழந்தாள்கள் எடைக்குப் போகின்றன. எஞ்சியவற்றையும் படிக்க நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அச்சுத் தமிழைக் கூட்டிப் படிப்போரும் தாத்தாவின் கூட்டெழுத்தின் முன் திகைத்து நிற்கின்றனர். படித்துச் சொல்ல வல்ல பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே செய்ய வேண்டிய பணி இது.

செய்ய வேண்டியவையும் கடினமானவை அல்ல. கடிதத்தை அதன் உறையோடு வைத்திருங்கள். நாள் குறிக்காத கடிதத்துக்குத் தபால் முத்திரையே நாள் காட்டும். தபால்தலை சேர்க்கும் பிள்ளைகள் உறையிலிருந்து அதனை வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிழிந்த தாளில் ஒட்டும் நாடாவை ஒட்டாதீர்கள். பசை நாளடைவில் தாளைக் கறையாக்கும். பிளாஸ்டிக் தாளுக்குள் வைத்துச் சூடேற்றி ஒட்டும் 'லாமினேஷன்' வேண்டவே வேண்டா. பின்னர் அதனைப் பிரிக்க இயலாது. வெயிலும் ஈரமும் இராமபாணப் பூச்சியும் அணுகாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். எழுதியவர் யார், பெற்றவர் யார், உள்ளே வரும் 'சின்னவன்' என்பவன் யார், 'மேலத்தெருக்காரர்' என்பவர் யார் என்பவற்றைத் தனித்தாளில் பென்சிலால் எழுதிச் சேருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவரை அமர்த்தி உரக்கப் படிக்கச் சொல்லி, அந்தக் குரலைச் செல்பேசியில் பதிவு செய்யுங்கள். அருகில் பிள்ளைகள் அமர்ந்து, எழுத்தின்மேல் விரல் வைத்துக்கொண்டே கேட்கட்டும்.

வின்சென்ட்டின் ஓவியங்கள் அவர் வாழ்ந்தபோது பெரிதாக விலைபோகவில்லை. அவர் கடிதங்கள் ஒருநாள் ஆறு தொகுதிகளாக வரும் என்று எண்ணித் தியோ அவற்றைக் காக்கவில்லை. அண்ணன் எழுதியவை என்பதனால் காத்தார். கணவரின் நினைவு அவற்றில் இருந்ததனால் யோகன்னா காத்தார். நம் வீட்டுக் கடிதங்களைக் காப்பதற்கும் அதனினும் பெரிய காரணம் வேண்டுவதில்லை. பரணில் இருக்கும் பெட்டியை இந்த வாரமே இறக்கிப் பாருங்கள் என்று நம் சங்கத்துக் குடும்பங்கள் அனைத்தையும் அன்புடன் வேண்டுகிறோம்.